ரெண்டு மேசைக்காரர்

அந்தப் பேருந்துப் பணிமனையின் சூப்பர்வைசர் அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. இரண்டுக்கும் நாற்காலி உண்டு. இரண்டு நாற்காலியிலும் உட்காருகிறவர் ஒருவர்தான்.

சன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுவார். எழுந்து நாலு எட்டு நடந்து, சுவரோர மேசைக்குப் போய் அதைப் பிரித்துப் படிப்பார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவார். வண்டி நிற்கும் குழிக்குள் இறங்கி, அதன் அடிவயிற்றை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து பதில் எழுதுவார். மறுபடி சன்னலோரம் வந்து அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சில நாள் தலையில் அடித்துக்கொள்வார்.

ஓட்டுநர்கள் அவருக்கு ரெண்டு மேசைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர் ஒரு நாள் முழுக்க இதை வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏண்ணே, ஐயாவுக்கு நட்டு ஏதாவது கழண்டுடுச்சா?" என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டார்.

"கழண்டிருந்தா அவரே கண்டுபிடிச்சு முறுக்கிக்குவாரு. நீ டிக்கெட்டக் கிழி" என்றார் மெக்கானிக்.

அவர் பத்தொன்பது வயதில் இதே குழியில் கிரீஸ் துடைக்க வந்தவர். அப்புறம் மெக்கானிக், அப்புறம் தலைமை மெக்கானிக், நாற்பத்திரண்டில் சூப்பர்வைசர். குள்ளமான உருவம். குனிந்து குனிந்து கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். அறுபத்து நாலு வண்டிகளையும் உறுமலை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுவார். சினிமா பார்க்க மாட்டார், தூங்கிவிடுவார். வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டால் மட்டும் தூங்க மாட்டார்.

சூப்பர்வைசர் வேலை என்றால் கணக்காய்ச் சொல்லலாம். காலை ஆறரை மணிக்குள் அறுபத்து இரண்டு வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். எந்த ஓட்டுநர் எந்த வண்டி, எந்த மெக்கானிக் எந்தப் பழுது, யார் லீவு, யாருக்கு வயிற்று வலி, எல்லாம் அவர் தலையில். எண்ணிக்கை அறுபத்து ஒன்றானால் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி அலறும்.

பக்கத்து அறையில் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு எண்ணிக்கையைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு வண்டியையும் குழியின் மேல் ஏற்றி, பிரேக், காற்றுக்குழாய், ஸ்டீயரிங், டயர் எல்லாம் பார்த்து, சரியென்று பட்டால் ஒரு மஞ்சள் தகுதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டு ஓட்டுநரின் தலைக்கு மேல் தொங்கவில்லை என்றால் வாசலில் வாட்ச்மேன் தடுப்புக் கட்டையைத் தூக்க மாட்டார். மேனேஜரே வந்து ஸ்டீயரிங் பிடித்தாலும் அதே கதைதான்.

பன்னிரண்டு வருடம் இந்த இருவரும் தினம் சண்டை போட்டார்கள். "ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரமா பாப்பீங்க? பொண்ணா பாக்குறீங்க?" என்று இவர் கத்துவார். "பொண்ணு பாத்தா பஜ்ஜியாவது கிடைக்கும். இங்க கிரீஸுதான் கிடைக்குது" என்று அவர் குழிக்குள்ளிருந்து பதில் சொல்வார். பிறகு இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். பணிமனை ஒழுங்காக ஓடியது அந்தச் சண்டையால்தான் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டு பதவிகளும் கண்காணிப்புப் பதவிகளே என்பதாலும், இரண்டின் தன்மையும் ஒன்றே என்பதாலும், இனி ஒருவரே இரண்டையும் வகிப்பார் என்று அதில் எழுதியிருந்தது.

மேனேஜர் அதை வாசித்துக் காட்டினார். "ரெண்டுமே பாக்குற வேலைதானேய்யா. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா பாத்துட்டுப் போங்க."

ஆள் குறைப்பதற்குக் காரணம் தேடுகிறவர்களுக்கு அகராதி ஒரு பொருட்டே இல்லை. சூப்பர்வைசர், இன்ஸ்பெக்டர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் லத்தீனிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு மேலிருந்து பார்க்கிறவர் என்று பொருள், மற்றதற்கு உள்ளே பார்க்கிறவர் என்று பொருள். மேலிருந்து பார்க்கிறவருக்குக் கூட்டமும் நேரமும் எண்ணிக்கையும் தெரியும். ஒரு குழாயில் ஓடும் மயிரிழை விரிசல் தெரியாது. உள்ளே பார்க்கிறவருக்கு விரிசல் தெரியும். மழையில் நிறுத்தத்தில் நிற்கும் ஐம்பது பேர் தெரியாது. ஒருவர் வண்டியை வெளியே தள்ள, மற்றவர் பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் நடுவில்தான் பயணிகளின் உயிர் பத்திரமாக இருந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதியவர் பேருந்தில் போகிறவராக இருந்திருந்தால் இது புரிந்திருக்கும்.

இவரும் அப்போது பெரிதாக எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கௌரவமாகக்கூட இருந்தது. வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தையல்தான் அவருக்குத் தொழில்.

"ரெண்டு பதவியா? அப்ப வீட்டுக்கு ரெண்டு பேரு வருவீங்களா? சோறு ஒரு ஆளுக்குத்தான் இருக்கு" என்றார்.

இரண்டாவது மாதம் அது நடந்தது. தொடர்ந்து மழை. காலை ஆறு இருபதுக்கு எண்ணிக்கை அறுபதில் நின்றது. இருபத்து மூன்றாம் எண் வண்டி குழியின் மேல் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பிதான் அதன் ஓட்டுநர். பிரேக் போட்டால் முன்பக்கம் காற்றுச் சத்தம் கேட்கிறது என்று முந்தைய நாளே குறை நோட்டில் எழுதியிருந்தார். இவர் இறங்கிப் பார்த்தார். முன் சக்கர பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாய் சட்டத்தில் உரசி, மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. மாற்ற அரை மணி நேரம் ஆகும். தொலைபேசி அடித்தது. 'சாயங்காலம் மாத்திடலாம்' என்று நினைத்தார். நினைத்தது சூப்பர்வைசர். கையெழுத்துப் போட்டது இன்ஸ்பெக்டர். இரண்டு பேருக்கும் ஒரே பேனா.

ஏழு மணிக்கு ஒரு சரிவில் அந்தக் குழாய் வெடித்து பிரேக் போனது. ஓட்டுநர் வண்டியைப் பக்கச் சுவரில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். பயணிகளுக்குச் சிராய்ப்புத்தான். ஓட்டுநருக்கு மணிக்கட்டு உடைந்தது.

மருத்துவமனையில் மாவுக்கட்டோடு கிடந்த மைத்துனர், அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நோட்டுல எழுதியிருந்தேனே மாமா, பாக்கலியா?"

"பாத்தேன் மாப்ளே."

மைத்துனர் கூரையைப் பார்த்தார். "அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

விபத்து அறிக்கையில் எதிர்பாராத இயந்திரக் கோளாறு என்று எழுதி முடித்தார்கள். தகுதிச் சீட்டு இருந்ததால் குறை நோட்டை யாரும் புரட்டவில்லை. மேனேஜர் அவர் தோளைத் தட்டி, "நல்லவேளை, சீட்டு போட்டிருந்தீங்க" என்றார். அந்தத் தட்டல் அவருக்கு உள்ளே போய் இறங்கியது.

அடுத்த வாரம் பணிமனையின் பழைய விதிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். வண்டி தேவையென்றால் சூப்பர்வைசர் இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். தகுதிச் சீட்டு விஷயத்தில் சூப்பர்வைசர் தலையிடக் கூடாது. சுற்றறிக்கை பதவிகளைத்தான் சேர்த்திருந்தது. இந்த விதியை யாரும் ரத்து செய்யவில்லை. பக்கத்து அறையில் ஒட்டடை படிந்து கிடந்த மேசையைத் தானே இழுத்து வந்து சுவரோரம் போட்டார். அன்று முதல் கடிதங்கள்.

'ஐயா, காலை நெரிசல் அதிகம். பதினேழாம் எண் வண்டியை உடனே விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, சூப்பர்வைசர்.'

'ஐயா, தங்கள் அவசரம் புரிகிறது. பின் இடது சக்கரத்தின் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. மாற்றும்வரை வண்டி போகாது. இப்படிக்கு, இன்ஸ்பெக்டர்.'

நாலு எட்டு நடப்பதற்குள் ஒரு மனிதர் மாறிவிடுவாரா என்று கேட்கலாம். மாறினார். கடிதம் கையில் வந்துவிட்டால் குழிக்குள் இறங்காமல் பதில் எழுத முடியாது. இறங்கிவிட்டால் கண்ணில் பட்டதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதிவிட்டால் அது காகிதமாகிவிடும். 'சாயங்காலம் பாத்துக்கலாம்' என்ற வார்த்தையைக் காகிதத்தில் எழுதக் கை கூசும்.

வேலை முடியாத நாளில் கடிதக் கட்டை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பதில் நகல் எழுதுவார். மனைவி எட்டிப் பார்த்தார். "கல்யாணமாகி முப்பது வருஷம். எனக்கு ஒரு லெட்டர் எழுதினதில்ல. உங்களுக்கு நீங்களே வாரம் நாலு எழுதிக்கிறீங்க. அதுல 'ஐயா'ன்னு மரியாதை வேற."

"ஆபீஸ் லெட்டர்டி."

"தெரியுது. எனக்கு எழுதினாலும் இப்படித்தான் எழுதுவீங்க. 'அம்மையீர், சட்னியில் உப்பு இல்லை.'"

இப்படி மூன்று வருடம் போனது. நாலாவது வருடம், ஊர் முழுக்க மாணவர்கள் தேர்வெழுதப் போகும் ஒரு காலையில், தலைமை அலுவலகம் அறுபத்து நாலு வண்டியும் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த மாதம் புதிய கம்பெனியின் பிரேக் லைனிங் வந்திருந்தது. பதினோரு வண்டிகளுக்கு மாட்டியிருந்தார்கள். முந்தைய நாள் மதியம் ஒரு வண்டியைக் கழற்றியபோது லைனிங் பிஸ்கட் மாதிரி விண்டிருந்தது. இவர் பதினொன்றையும் கழற்றச் சொன்னார். எல்லாவற்றிலும் அதே விரிசல். பழைய லைனிங் கையிருப்பில் இல்லை.

மேனேஜர் காலையில் ஆளையே நேரில் பிடித்தார். "பதினோரு வண்டி நின்னா என் தலை உருளும். ஒரே ஒரு நாள். மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

"கேட்டுப் பாக்குறேன் சார்."

"யார்கிட்ட?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட."

மேனேஜர் வாயைத் திறந்தபடி நிற்க, இவர் சன்னலோரம் உட்கார்ந்து எழுதினார். அலங்காரத்துக்கு எழுதிய கடிதம் இல்லை அது. பிள்ளைகளின் தேர்வு, ஒரு வருடப் படிப்பு, வேறு வண்டி கிடைக்காத தெருக்கள் என்று மன்றாடியிருந்தார். நடந்தார், படித்தார், குழிக்குள் மறுபடி இறங்கிப் பார்த்தார், பதில் எழுதினார். 'தர இயலாது.'

பதினோரு வண்டிகள் நின்றன. மீதி வண்டிகளைத் திருப்பித் திருப்பி அனுப்பியும் சில நிறுத்தங்களில் பிள்ளைகள் நடந்து போனார்கள். ஒரு பெண் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். அவளுடைய அப்பா பணிமனை வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார். இவர் கடைசிவரை நின்று கேட்டார். அந்த அப்பா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாலையில் தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. உத்தரவை மீறியது ஒரு குற்றம். தனக்குத்தானே கடிதம் எழுதி நிர்வாகத்தைக் கேலி செய்தது இன்னொரு குற்றம். நிரூபணமானால் வேலை போகும். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. லைனிங் விற்ற கம்பெனியைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. விரிசலைப் போட்டவனை விட்டுவிட்டு விரிசலைப் பார்த்தவனைப் பிடிப்பது நிர்வாகங்களுக்குக் கைவந்த கலை.

விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் வந்தார். மேனேஜர் அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடிதக் கட்டுகளை மேசையில் அடுக்கினார். காகிதம் பறக்குமாம். வெளியே ஓட்டுநர்கள் சன்னலில் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

"இந்த லெட்டர எழுதினது யாரு?"

"நான்தாங்கம்மா."

"வாங்கிக்கிட்டது?"

"அதுவும் நான்தாங்க."

"அப்ப உங்க பேச்சை நீங்களே கேக்கல."

"சூப்பர்வைசர் பேச்சை இன்ஸ்பெக்டர் கேக்கணும்னு விதி இல்லைங்கம்மா. கேக்கக் கூடாதுன்னுதான் இருக்கு."

சன்னலில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"நானூத்திப் பன்னெண்டு லெட்டர். முன்னூத்தி எண்பதுல வண்டிய விட்டிருக்கீங்க. முப்பத்திரண்டுல மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க. எல்லாத்துலயும் காரணம் இருக்கு. இது கேலி மாதிரி எனக்குத் தெரியல." ஒரு கட்டைப் புரட்டி நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. உங்ககிட்ட ரெண்டு பதவியும் வந்து ஏழு வாரம் வரைக்கும் ஒரு லெட்டர்கூட இல்ல. திடீர்னு ஒரு திங்கக்கிழம ஆரம்பிக்குது. அந்த ஏழு வாரம் விதி தெரியாதா? அதுக்கு முன்னாடி வாரம் என்ன நடந்துச்சு?"

விபத்து அறிக்கை எங்கோ ஒரு பீரோவில் எதிர்பாராத கோளாறாகப் பத்திரமாய்த் தூங்கிக்கொண்டிருந்தது. "விதிய அப்பத்தான் படிச்சேன்" என்று சொன்னால் போதும். நம்பியிருப்பார்கள். சன்னல் கம்பிக்குப் பின்னால் மைத்துனர் நின்றார். 'வேண்டாம்' என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார்.

அவர் நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். "இருபத்து மூணாம் நம்பர் வண்டியோட காத்துக்குழாய் தேஞ்சிருந்துச்சுங்கம்மா. டிரைவர் நோட்டுல எழுதியிருந்தாரு. நானும் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் சீட்டு போட்டேன். ரெண்டு வண்டி குறைஞ்சுதுன்னு. அது வெடிச்சு, டிரைவருக்குக் கை உடஞ்சுது. எதிர்பாராததுன்னு எழுதினாங்க. எனக்கு அது எதிர்பார்த்ததுங்க."

"இத ஏன் இப்பச் சொல்றீங்க? யாரும் கேக்கலையே."

"நீங்க கேட்டீங்களேம்மா."

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்து எழுத ஆரம்பித்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு முழுப் பாவாடையின் ஓரத்தையும் அடித்து முடித்தார்.

"நாலு வருஷமா என் தம்பி கைய நீவி விட்டுட்டிருந்தேன். மழை வந்தா வலிக்குதுன்னு சொல்வான். நீங்களும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தீங்க."

"ஆமா."

"அவனுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான்தான் லூசு."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஊரு முன்னாடி சொல்லத் தெரிஞ்சுதுல்ல, அத மொதல்ல இங்க வந்து சொல்லியிருக்கணும்" என்றார். மூன்று நாள் சோறு போட்டார், பேசவில்லை. நாலாம் நாள், "சட்டையில பொத்தான் இல்ல, கழட்டுங்க" என்றார்.

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. பதினோரு வண்டிகளை நிறுத்தியது சரி. கடிதங்கள் விதிப்படியானவை. வண்டியை அனுப்பும் பொறுப்பும் அதைத் தடுக்கும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அப்படி வைத்தது நிர்வாகத்தின் தவறு. இன்ஸ்பெக்டர் பதவியை உடனே நிரப்ப வேண்டும். ஆனால் தேய்ந்த குழாய் என்று தெரிந்தே தகுதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் இனி எந்நாளும் இன்ஸ்பெக்டராக இருக்கத் தகுதியற்றவர். மீதி இரண்டு வருடமும் அவர் சூப்பர்வைசராக மட்டும் பணியாற்றலாம்.

சுற்றறிக்கை எழுதியவருக்கு என்ன தண்டனை என்று அதில் தேடிப் பார்த்தவர்கள் உண்டு. அவர் பதவி உயர்ந்து வேறு எங்கோ போயிருந்தார்.

கடைசி வரியைத் திரும்பப் படித்தபோது இவருக்கு முகம் சிறுத்துப்போனது. குழி அவருடைய பத்தொன்பது வயது. இனி அதில் இறங்கக் கூடாது. இருந்தாலும், "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று மைத்துனரிடம் சொன்னார்.

புதிய இன்ஸ்பெக்டர் ஒரு திங்கட்கிழமை வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடி விழாமலிருக்கப் பின்னால் ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் குழிக்குள் இறங்கினார். ஆறு இருபதுக்கு மூன்று வண்டிகளை நிறுத்திவிட்டார்.

இவர் குழியின் விளிம்புக்கு வேகமாக வந்தார். "என்னம்மா இது? வந்த மொத நாளே மூணு வண்டியா? வெளிய ஜனம் நிக்குது!"

"நிக்கட்டும் சார். ஸ்டீயரிங் மூட்டு ஆடுது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு ஆடுது?"

"வந்து பாருங்களேன்."

"நான் வரக் கூடாது. நீங்க சொல்லுங்க!"

"ஆடுதுன்னு சொல்றேன்ல. போகாது. எழுதித் தரவா?"

"எழுதித்தான் தரணும்! மூணுக்கும் தனித்தனியா! சீக்கிரம்!"

சத்தம் கேட்டு ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். மணிக்கட்டை நீவியபடி மைத்துனர் வந்து கையைப் பிடித்தார். "விடுங்க மாமா. மொத நாளு, பாவம். நீங்களே இப்படிக் கத்தலாமா?"

"நீ சும்மா இரு மாப்ளே. கத்துறதுதான் என் வேலை. கேக்காம இருக்குறது அவங்க வேலை."

உள்ளே தொலைபேசி அலறியது. அவர் போய் எடுத்தார். தலைமை அலுவலகம். எண்ணிக்கை ஏன் அறுபத்து ஒன்று என்று கேட்டார்கள். அவர் நாற்காலியில் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் என்ன சார் பண்றது? கேட்டேன். குடுக்க மாட்டேங்கறாங்க" என்றார்.